புருவ நூலும் 750 மணி நேரமும்: கன்சர்வேட்டிவும் லிபர்டேரியனும் ஒன்றா?

கேள்வி, 20 செப்டம்பர் 2025

நேற்று ஹெச்-1பி வேலை விசா மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று டிரம்ப் அரசு அறிவித்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் தூங்கவில்லை. இதில் கன்சர்வேட்டிவ் என்ன, லிபர்டேரியன் என்ன? எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். கஞ்சா அடிக்கும் கன்சர்வேட்டிவுக்குப் பெயர்தான் லிபர்டேரியன் என்று இங்கே ஒரு பழைய கிண்டலே உண்டு. வேறு வித்தியாசம் இருக்கிறது என்பவர்கள் ஒரே ஒரு உதாரணம் சொல்லுங்கள். (ஹூஸ்டன் பக்கத்துக் கேட்டியிலிருந்து ஒரு தம்பி)

21 செப்டம்பர்

உதாரணம் என் கைத்தொழிலிலேயே இருக்கிறது தம்பி. கன்சர்வேட்டிவ் என்றால் மரபையும் இருக்கிற ஏற்பாட்டையும் காக்க நினைப்பவர், லிபர்டேரியன் என்றால் தனிமனிதன் விஷயத்திலும் சந்தையிலும் அரசு தலையிடக் கூடாது என்பவர் என்று வைத்துக்கொள்.

கும்பகோணத்தில் என் சித்தி வீட்டு மாடியில் பார்லர். பதினேழு வயதில் அங்கேதான் த்ரெட்டிங், அதாவது நூலால் புருவம் திருத்துவது, கற்றேன். பருத்தி நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மிச்சத்தை இரண்டு கை விரல்களிலும் மாட்டி நடுவில் ஏழெட்டு முறுக்கு போட வேண்டும். விரலை விரித்தால் முறுக்கு ஓடும், ஓடும்போது முடியைக் கவ்வி இழுக்கும். வந்தவர் இமையையும் நெற்றியையும் இரண்டு விரலால் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். ரசாயனம் கிடையாது, கத்தி கிடையாது, மெழுகு கிடையாது.

ஹூஸ்டன் வந்து, 2012-இல் வேலை அனுமதி கைக்கு வந்ததும் ஒரு கடையில் போய்க் கேட்டேன். என் கையைப் பார்த்துப் பிடித்துப்போன அந்த அம்மா கடைசியில் கேட்டது, "லைசென்ஸ் இருக்கா?" டெக்சஸில் புருவம் திருத்தவும் அழகுக்கலை உரிமம் வேண்டும், அதற்கு 750 மணி நேரம் பள்ளியில் படிக்க வேண்டும் என்றார்கள். விசாரித்த இடத்தில் ஏழாயிரம் டாலர் ஆகும் என்றார்கள். நான் விசாரித்த இரண்டு பள்ளிகளிலும் த்ரெட்டிங் பாடமே இல்லை. எனக்குத் தெரிந்த வேலையைச் செய்ய, தெரியாத வேலைகளை 750 மணி நேரம் படித்துவிட்டு வரவேண்டும்!

இதை எதிர்த்து 2009-லேயே சிலர் வழக்குப் போட்டிருந்தார்கள். படேல் வழக்கு என்பார்கள். அவர்களுக்காக வாதாடியது இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ் என்ற லிபர்டேரியன் சட்ட அமைப்பு. 2015 ஜூன் 26 அன்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு சொன்னது. அந்த 750 மணியில் குறைந்தது 320 மணி நேரத்துக்கும் த்ரெட்டிங்குக்கும் சம்பந்தமே இல்லை, பிழைப்புத் தேடும் மனிதன் மேல் இவ்வளவு சுமையை ஏற்றுவது மாநில அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்றது.

இனிதான் உன் கேள்விக்குப் பதில். அந்த ஒன்பது நீதிபதிகளும் குடியரசுக் கட்சிக்காரர்கள். ஒன்பது பேரும் தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள். ஒருவர்கூட எதிர்க்கட்சி இல்லை. அப்படியிருந்தும் ஆறும் மூன்றுமாக உடைந்தார்கள். உன் ஒரே குட்டை அங்கே இரண்டாகப் பிரிந்தது.

22 செப்டம்பர்

திருத்தம். தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள் என்று எழுதிவிட்டேன். அப்படிப் பொதுவாகச் சொல்வது தவறு. அந்தத் தீர்ப்பை ஆதரித்துத் தனியாக ஒரு கருத்து எழுதிய டான் வில்லெட்டை முதலில் நியமித்தது ஆளுநர் ரிக் பெர்ரி. தேர்தலில் நின்றது அப்புறம். பின்னாளில் டிரம்ப் அவரைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். ஒன்பது பேரும் குடியரசுக் கட்சி என்பதில் மாற்றமில்லை.

24 செப்டம்பர்

மூன்று பேர் ஏன் எதிர்த்தார்கள் என்று டாலஸ் அக்கா கேட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், எட்டு வருடம் நான் அந்தப் பக்கங்களைப் படிக்கவே இல்லை. என் பிழைப்பைத் தடுக்க நினைத்தவர்கள் என்ற கோபம். பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லித்தான் படித்தேன். தேவாலயத்தில் டீக்கனாக இருப்பவர், ஷிப் சேனல் என்ற கப்பல் கால்வாய் ஓரத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், பழுத்த கன்சர்வேட்டிவ்.

எதிர்த்தவர்களில் முக்கியமானவர் அன்றைய தலைமை நீதிபதி நேதன் ஹெக்ட். த்ரெட்டிங்குக்கு 750 மணி நேரம் நல்ல சட்டம் என்று அவர் சொல்லவில்லை. சட்டம் மோசமாக இருந்தால் மாற்ற வேண்டியது சட்டமன்றம். எத்தனை மணி நேரம் சுமை, எத்தனை மணி நேரம் நியாயம் என்று நீதிபதி தராசு பிடிக்கத் தொடங்கினால் அதற்கு எல்லை எங்கே? 320 அதிகம் என்றால் 200? இதுதான் வாதத்தின் சாரம்.

இதற்குப் பின்னால் நூறு வருடத்துக் காயம் ஒன்று இருக்கிறது. நியூயார்க்கில் பேக்கரித் தொழிலாளியை நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு அறுபது மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று ஒரு சட்டம். 1905-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லாக்னர் வழக்கில் 5-க்கு 4 என்று அதை ரத்து செய்தது. ஒப்பந்தச் சுதந்திரம் என்பது காரணம். அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் தொழிலாளர் சட்டங்கள் பல நீதிமன்றத்தில் விழுந்தன. அதனால் லாக்னர் என்ற பெயரைச் சொன்னாலே, தன் விருப்பத்தைச் சட்டமாக்கிய நீதிபதி என்றுதான் கன்சர்வேட்டிவ் சட்ட அறிஞர்கள் பலருக்கு ஞாபகம் வரும். வில்லெட் அந்தப் பழியை நேராகவே எடுத்துப் பேசினார். நாம் லாக்னரைக் கொண்டுவரவில்லை, அரசு சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதை மட்டும் நிறுத்துகிறோம் என்பது அவர் நிலை.

இதில் என்னை உலுக்கியது தேதி. 2015 ஜூன் 26. அதே நாளில்தான் வாஷிங்டனில் ஒபெர்கெஃபெல் தீர்ப்பு, தன்பாலினத் திருமணத்துக்கு நாடு முழுக்க உரிமை. அங்கே எதிர்த்து எழுதிய தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் கையில் எடுத்ததும் இதே லாக்னர்தான். மக்கள் முடிவு செய்ய வேண்டியதை ஐந்து வழக்கறிஞர்கள் முடிவு செய்யக் கூடாது என்றார். லிபர்டேரியன் அமைப்பான கேட்டோ, திருமண உரிமை கேட்டவர்கள் பக்கம் நின்று மனு போட்டிருந்தது.

ஆக, புருவ நூலும் திருமணமும் ஒரே நாளில் ஒரே கேள்வியின் முன் நின்றன. மனிதனின் சுதந்திரத்தைப் பெரும்பான்மையிடமிருந்து காப்பது நீதிபதியின் வேலையா, பெரும்பான்மையின் முடிவை மதிப்பது நீதிபதியின் வேலையா? லிபர்டேரியன் இரண்டிலும் முதல் பதிலைச் சொல்வான். பெரியவர் இரண்டிலும் இரண்டாவதைச் சொன்னார். தனக்குப் பிடித்த வழக்கில் ஒன்றும் பிடிக்காத வழக்கில் இன்னொன்றும் சொல்பவர்களைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரியவர் அப்படி இல்லை. என் பிழைப்பு பாதிக்கும் என்று தெரிந்தும், என் வரவேற்பறையில் உட்கார்ந்து, என் காபியைக் குடித்துக்கொண்டே அதைச் சொன்னார். அன்றுதான் அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

25 செப்டம்பர்

அக்கா, நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், தொழில் விஷயத்தில் வில்லெட் பக்கம். மற்றதில் இன்னும் யோசிக்கிறேன். அவசரப்படுத்தாதீர்கள்.

5 அக்டோபர்

வெள்ளிக்கிழமை மகளின் பள்ளியில் ஹோம்கமிங், பழைய மாணவர்களை வரவேற்கும் கால்பந்து ஆட்ட விழா. இரண்டு இரவு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளுக்கு மம் செய்தோம். டெக்சஸுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அது தட்டு அகலத்துக்கு ஒரு துணிச் செவ்வந்திப் பூ. அதிலிருந்து பள்ளி நிறத்தில் ரிப்பன்கள் முழங்கால் வரை தொங்கும். ரிப்பனில் அவள் பெயர், வருடம், குட்டிக் கரடி பொம்மை, வரிசையாய்ச் சின்ன மணிகள். எல்லாவற்றையும் சூடான பசை வைத்து ஒட்ட வேண்டும். என் இரண்டு விரலும் வெந்துபோயின. அதைக் குத்திக்கொண்டு அவள் வாசலில் இறங்கி நடந்தபோது சலங்கை கட்டிய மாதிரி சத்தம் கேட்டது.

ஏன் இந்தக் கதை? போன வருடம் டிசம்பர் 26 அன்று குடியரசுக் கட்சி அரசியல்வாதி விவேக் ராமசாமி எழுதியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை, ஒஹையோவில் பிறந்தவர், தன்னைத் தேசிய லிபர்டேரியன் பக்கம் வைத்துக்கொண்டவர். ஹெச்-1பி சண்டை நடந்த அந்த வாரத்தில், கணித ஒலிம்பியாட் பிள்ளையைவிட நடன விழா அரசியைக் கொண்டாடும் நாடு சிறந்த பொறியாளர்களை உருவாக்காது என்ற பொருளில் எழுதினார். அமெரிக்கப் பண்பாடு நெடுங்காலமாகச் சுமாரானதைப் போற்றுகிறது என்றார். நம் வாட்ஸப் குழுக்களில் எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். நம் பிள்ளைகளைப் பற்றி நாம் பேசுவதை ஒருவர் மேடையில் பேசிவிட்டாரே என்ற சந்தோஷம்.

அவர் கட்சியின் கன்சர்வேட்டிவ்கள் கொதித்தார்கள். நிறவெறி, பொறாமை என்று அன்று ஒதுக்கிவிட்டேன். சிலரிடம் அது இருந்தது, கண்ணால் படித்தேன், அதை மறைக்கமாட்டேன். ஆனால் எல்லாம் அது இல்லை என்று வெள்ளிக்கிழமை புரிந்தது. லிபர்டேரியன் கணக்கில் தொழிலாளி ஒரு திறமை. திறமை எங்கிருந்தாலும் வரட்டும், சந்தை எடுத்துக்கொள்ளும். கன்சர்வேட்டிவ் பாதுகாக்க நினைப்பது இந்த மம், இந்த மைதானம், இந்த வெள்ளிக்கிழமை. இவை பொருளாதாரத்துக்கு என்ன லாபம் என்று ஒருவர் கேட்கும்போது, உன் அம்மா போடும் கோலத்தால் என்ன லாபம் என்று நம்மைக் கேட்ட மாதிரி அவர்களுக்குச் சுருக்கென்கிறது.

என் மகள் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். ஆகஸ்ட் வெயிலில் தார்ப் பரப்பில் நாளுக்கு எட்டு மணி நேரம் நடை பழகினாள். அதைச் சுமார் என்று யார் சொன்னாலும் நான் இப்போது ஒப்புக்கொள்ளமாட்டேன்.

6 அக்டோபர்

இரவில் திரும்பப் படித்தேன். ராமசாமிக்குக் கொஞ்சம் அநியாயம் செய்துவிட்டேன். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளை பள்ளியில் ஒதுக்கப்படுவது இங்கே நிஜம். என் தம்பி மகன் அனுபவித்திருக்கிறான். அவர் கேட்ட கேள்வி சரி. பதினேழு வயதுப் பெண்களின் சந்தோஷத்தை எதிர்ப்பக்கம் நிறுத்தியதுதான் எனக்கு ஒட்டவில்லை.

ஒரு லட்சம் டாலர் கட்டணத்தைப் பற்றி என் கருத்து மாறவில்லை. அது தவறு. சிறு கம்பெனியை நசுக்கும், பெரிய கம்பெனி கட்டிவிட்டுப் போகும். இதில் நான் முழு லிபர்டேரியன்.

11 அக்டோபர்

ஆஸ்டின் சார் எழுதியிருப்பது: "ஹூஸ்டனைப் பாருங்கள், எங்கே எதைக் கட்டலாம் என்று வகுக்கும் நிலப் பயன்பாட்டு மண்டலச் சட்டமே இல்லாத நகரம். மூன்று முறை வாக்கெடுப்பு வைத்தும் மக்கள் மறுத்துவிட்டார்கள். அதனால்தான் வீட்டு விலை குறைவு. லிபர்டேரியன் கொள்கை வென்ற இடம்."

1948, 1962, 1993, மூன்றும் உண்மை. நகர மையத்தைச் சுற்றும் லூப் சாலைக்குள் 1998-இல் மனையின் குறைந்தபட்ச அளவை 1,400 சதுர அடிக்கு இறக்கியதும் உண்மை. ஒரு வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி வீடுகள் மூன்று வந்ததும் அதனால்தான். ஆனால் சார், வீட்டுப் பத்திரத்திலேயே கட்டுப்பாடுகள் எழுதி வைத்திருக்கிறார்களே, அதைச் சொல்லாமல் விட்டால் எப்படி? புறநகரில் ஹெச்.ஓ.ஏ என்ற வீட்டு உரிமையாளர் சங்கம் இல்லாத தெருவைக் காட்டுங்கள்.

என் கதை. 2019 மார்கழியில் வாசற்படிக்கு முன்னால் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோலம் போட்டேன். பனியில் மாவு நிற்கவில்லை, அதனால் பெயின்ட். எட்டுப் புள்ளி, நேர்ப்புள்ளி, தாமரை. மூன்றாவது வாரம் கடிதம் வந்தது: அனுமதியில்லாத வெளிப்புற மாற்றம், பதினான்கு நாளில் அகற்றவும், தவறினால் அபராதம். கூடவே புகைப்படம். யாரோ காரில் வந்து, என் வாசலைப் படம் பிடித்துப் போயிருக்கிறார்கள். கம்பித் தூரிகையால் தேய்த்து அழித்தேன். தேய்த்த இடம் இன்றும் வெளிறித் தெரிகிறது.

நான் அழுதுகொண்டே திட்டியபோது என் வீட்டுக்காரர் சொன்னார்: "இது அரசாங்கம் இல்லை. வீடு வாங்கும்போது நாம கையெழுத்து போட்ட ஒப்பந்தம்." லிபர்டேரியன் கொள்கைப்படி அவர் சொன்னது அச்சாகச் சரி. நானாக விரும்பிப் போட்ட கையெழுத்து. அதில் என்னால் வாய் திறக்க முடியவில்லை.

எனக்கு வழி திறந்தது கன்சர்வேட்டிவ் பக்கத்திலிருந்து. கதவிலோ நிலையிலோ மதச் சின்னம் வைப்பதை ஹெச்.ஓ.ஏ தடுக்கக் கூடாது என்று 2011-லேயே டெக்சஸில் சட்டம் இருந்தது. யூதர்கள் நிலையில் பதிக்கும் மெசூசா மாதிரியானவற்றுக்கு அது உதவியது. ஆனால் 25 சதுர அங்குலம்தான் எல்லை. 2021-இல் அந்த எல்லையை எடுத்துவிட்டு, வீட்டு மனையிலும் வைக்கலாம் என்று விரித்தார்கள். ஒப்பந்தத்தைவிட மத நம்பிக்கை பெரிது என்று குடியரசுக் கட்சி ஆளும் சட்டமன்றம் சொன்னது. இரு தரப்பும் மனமொத்துப் போட்ட ஒப்பந்தத்துக்குள் அரசு மூக்கை நுழைக்கலாமா என்று கொள்கை பிசகாத லிபர்டேரியன் கேட்பான். கேட்கட்டும். அந்தச் சட்டத்தின் நகலை இணைத்துக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை, அபராதமும் வரவில்லை.

அதனால் ஆஸ்டின் சார், சுதந்திரத்தைப் பறிப்பது அரசு மட்டும் என்று எனக்குச் சொல்லாதீர்கள்.

19 அக்டோபர்

பள்ளி வவுச்சர் பற்றிப் பலர் கேட்டதால். பெற்றோர் கையில் பணத்தைக் கொடு, பள்ளியை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும் என்று மில்டன் ஃப்ரீட்மன் 1955-இலேயே எழுதியது. லிபர்டேரியன்களின் வெகுநாள் கனவு. டெக்சஸில் அதை 2023 நவம்பரில் கவிழ்த்தது ஜனநாயகக் கட்சி மட்டும் இல்லை. குடியரசுக் கட்சியின் 21 பேர் அவர்களோடு சேர்ந்து, 84-க்கு 63 என்று அந்தப் பகுதியை மசோதாவிலிருந்து எடுத்தார்கள். பெரும்பாலோர் கிராமப்புறத் தொகுதிக்காரர்கள். ஆளுநர் அபாட் அடுத்த உட்கட்சித் தேர்தலில் அவர்களில் பலருக்கு எதிராக வேலை செய்தார். இந்த வருடம் மே 3 அன்று சட்டம் கையெழுத்தானது. முதல் ஒதுக்கீடு நூறு கோடி டாலர்.

அந்த 21 பேரை விலைபோனவர்கள் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். கூடாது. சான் அன்டோனியோ போகும் வழியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை சின்ன ஊர் ஒன்றில் பெட்ரோல் போட நிறுத்தினோம். கடைக் கதவில் அட்டை: ஆட்டத்துக்குப் போயிருக்கிறோம். தெருவில் ஆளே இல்லை. தூரத்தில் பள்ளி மைதான விளக்கு மட்டும். அந்த ஊரில் தேர்ந்தெடுக்க இரண்டாவது பள்ளியே கிடையாது. இருக்கிற ஒன்றும் மெலிந்தால், ஊர் கூடுவதற்கு வேறு இடம் இல்லை. அந்த ஊர்க்காரர் அனுப்பிய உறுப்பினர் வவுச்சருக்கு எதிராக வாக்களித்தால், அவர்தான் சொல்லின் நேர்ப் பொருளில் கன்சர்வேட்டிவ்.

நகரத்தில், ஒரு மோசமான பள்ளியில் மாட்டிக்கொண்ட பிள்ளையின் அம்மாவுக்கு வவுச்சர் ஒரு கதவு. அதையும் பார்த்திருக்கிறேன். இந்த ஒன்றில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

6 நவம்பர்

நேற்று உச்ச நீதிமன்றத்தில் இறக்குமதி வரி வழக்கின் விசாரணை. ஒலிபரப்பை வேலை செய்துகொண்டே முழுக்கக் கேட்டேன். 1977-ஆம் ஆண்டின் அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டத்தில் வரி என்ற சொல்லே இல்லாதபோது, அதை வைத்து அதிபர் உலகம் முழுதுக்கும் வரி போடலாமா என்பதுதான் கேள்வி. வழக்குப் போட்ட சிறு வணிகர்களில் சிலருக்குப் பின்னால் நிற்பது மறுபடி ஒரு லிபர்டேரியன் சட்ட அமைப்பு. டிரம்ப் நியமித்த நீதிபதி கோர்சச் கேட்டதைக் கவனித்தீர்களா? நாடாளுமன்றம் ஒருமுறை இந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது எப்படி, அதிகாரம் ஒரு பக்கமாகவே நகர்ந்துகொண்டிருக்காதா என்றார்.

நம்மில் பலருக்கு இது வீட்டு விஷயம். இந்தியப் பொருள்களுக்கு ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதம், திருப்பூரில் என் வீட்டுக்காரரின் மாமா பையன் ராத்திரி ஷிப்டை நிறுத்திவிட்டான். 800 டாலருக்குள் வரும் பார்சல்களுக்கு இருந்த விலக்கும் ஆகஸ்ட் 29 அன்று போயிற்று. அந்தக் குழப்பத்தில் அஞ்சல் நின்று, அம்மா காயவைத்த வெங்காய வடகம் கும்பகோணத்திலேயே இருக்கிறது.

கோபமாய்ப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கொட்டினேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், அவர் பிறந்தது ஒஹையோவின் யங்ஸ்டவுன். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, அங்கே பெரிய எஃகு ஆலையொன்றை மூடப்போவதாக அறிவித்தார்கள். ஐயாயிரம் வேலை. அவர் அப்பா, இரண்டு மாமா, எல்லோரும் அங்கேதான். அடுத்த வருடம் பத்தொன்பது வயதில் ஒரு பழைய வண்டியில் ஹூஸ்டன் வந்தவர், அப்பாவின் இறுதிச் சடங்குக்குப் போனபோது, தெருவில் பாதி வீடு இல்லையாம். "மலிவான சட்டை கிடைத்தது. என் ஊர் போயிற்று. இரண்டுக்கும் விலை ஒன்றா என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை" என்றார்.

லிபர்டேரியன் பதில் எனக்குத் தெரியும்: வரி அந்த ஊரைத் திரும்பக் கொடுக்காது, இரும்பு வாங்கும் இன்னொரு தொழிற்சாலையைக் கொல்லும். பொருளாதாரமாக அதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவின் வடகத்தைப் பற்றி மட்டும் திரும்பப் பேசினோம். அது என்ன, எப்படிக் காயவைப்பது என்று கேட்டார்.

7 நவம்பர்

கேட்டி தம்பி, ஹெச்-1பி அறிவிப்பும் செப்டம்பர் 19-தான். நாற்பத்தெட்டு வருட இடைவெளி. ஒரு அறிவிப்பில் ஒரு ஊரின் தூக்கம் போவது என்றால் என்ன என்று உனக்கும் அவருக்கும் தெரியும்.

13 நவம்பர்

கஞ்சா கிண்டலில் தொடங்கியவனுக்கு இதோ. அரசு முடக்கத்தை முடித்து வைத்து நேற்று கையெழுத்தான சட்டத்தில், போதை தரும் ஹெம்ப் (கஞ்சா இனத்துச் செடி) பொருள்கள் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வருடத்தில் தடை வரும்படி ஒரு பிரிவு இருக்கிறது. அதைக் கொண்டுவர உழைத்தவர் கென்டக்கியின் கன்சர்வேட்டிவ் செனட்டர் மிட்ச் மெக்கானல். எதிர்த்துப் போராடியவர் கென்டக்கியின் லிபர்டேரியன் சாயல் கொண்ட செனட்டர் ரேண்ட் பால். ஒரே மாநிலம், ஒரே கட்சி. 2018-இல் ஹெம்ப் பயிரைச் சட்டபூர்வமாக்கியதில் முன்நின்றவரும் இதே மெக்கானல்தான். பயிரை நினைத்துத் திறந்த கதவில் போதை மிட்டாய் வந்துவிட்டது என்பது அவர் குறை.

டெக்சஸில் கதை வேறு. துணை ஆளுநர் டான் பேட்ரிக் முழுத் தடை வேண்டும் என்று மசோதாவை நிறைவேற்றினார். ஆளுநர் அபாட் ஜூன் 22 அன்று அதை ரத்து செய்து, மதுவைப் போல் ஒழுங்குபடுத்தலாம் என்றார். செப்டம்பரில் 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

என் மகளின் பள்ளியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அப்படி ஒரு கடை. ஜன்னலில் கரடி வடிவ மிட்டாய். அவளுடைய மம்மில் தொங்கியதே, அதே மாதிரிக் கரடி. த்ரெட்டிங்குக்கு அரசு வேண்டாம் என்ற நான், இந்தக் கடையை அரசு மூட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பேட்ரிக் பக்கம்தான் நான். நிச்சயம் டீக்கன் பெரியவரும் அப்படித்தான் என்று நினைத்துப் பேசினேன். இல்லை. அவர் மகன் ஈராக் போரிலிருந்து வந்தவன். மாத்திரைகளை விட்டு, இந்த ஹெம்ப் பொருளால்தான் ராத்திரி தூங்குகிறானாம். "வயது பார்த்து விற்கட்டும், தடை வேண்டாம்" என்றார்.

ஆக லிபர்டேரியன் பேச்சு பேசிய நான் தடை கேட்கிறேன், கன்சர்வேட்டிவ் பெரியவர் சுதந்திரம் கேட்கிறார். அவரவர் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நாங்கள் இருவரும் பேசியிருக்கிறோம்.

14 நவம்பர்

டாலஸ் அக்கா, இரட்டை வேடம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேடம் இல்லை. தன்னிடம் வரும் பெரியவளின் புருவத்தை இன்னொரு பெரியவள் திருத்துவது வேறு. பதினாறு வயதுக்காரிக்கு மிட்டாய் என்று விற்பது வேறு. 21 வயது விதியை ஒழுங்காய் நடத்தினால் எனக்குத் தடை தேவையில்லை. அவர் மகனைப் பற்றிக் கேட்ட பிறகு இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

17 டிசம்பர்

நேற்று மார்கழி ஒன்று. மாவுக் கோலம்தான் போட்டேன், வெளிறிய தாமரைக்கு மேலேயே.

காலையில் பெரியவர் தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பத்தொன்பது வயது. கல்லூரி பிடிக்கவில்லை, கையில் ஒரு தொழில் வேண்டும், த்ரெட்டிங் கற்றுத் தர முடியுமா என்று கேட்டாள். பெரியவர் வாசலிலேயே நின்றார். "சுத்தம், காயம், இதையெல்லாம் யார் சரிபார்ப்பது?" என்று என்னைத்தான் கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண்ணின் இமைத் தோலை நூல் வழுக்கி உரித்துவிட்டது. ரத்தம் துளிர்த்தது. என்ன தடவுவது, எதைத் தடவக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. வில்லெட் பக்கம் நின்று நான் எழுதியதில் இந்தச் சம்பவத்தைச் சேர்க்கவில்லை. 750 மணி நேரம் தவறு என்பதில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் ஒன்றுமே வேண்டாம் என்று அவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

சரி என்று உள்ளே கூப்பிட்டேன். முதல் மூன்று நாள் நூலைத் தொடக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். கை கழுவுவது, ஆளுக்கு ஒரு புது நூல், பவுடர் போடும் பஞ்சை இன்னொருவருக்கு எடுக்காமல் இருப்பது, தோல் உரிந்தால் செய்ய வேண்டியது, எந்தத் தோலில் கை வைக்கவே கூடாது என்பது. நூலைப் பல்லில் கடிக்காமல் கழுத்தில் மாட்டிச் செய்வது எப்படி என்றும் காட்டப்போகிறேன். நான்காவது நாள் என் காலில் முடி எடுத்துப் பழகலாம். பெரியவர் முழுவதையும் கேட்டுவிட்டு, கோலத்தை மிதிக்காமல் ஓரமாய்ச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.